முதல் பத்திரத்தைக் கேளுங்கள்

1836இல் மெக்சிகோவிலிருந்து பிரிந்த டெக்சாஸ் குடியரசு, குடிமக்களில் குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் சுமார் 4,600 ஏக்கர் நிலம் தந்தது. கறுப்பின மக்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் குடியுரிமையும் இல்லை, ஒரு சென்ட் நிலமும் இல்லை. அரசமைப்புச் சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டது.

அந்த நாட்டுக்காக 1835இல் கோலியாட் சண்டையில் தோளில் குண்டு வாங்கியவர் சாமுவேல் மெக்குலோக். கறுப்பர் என்பதால், அங்கே வாழவே நாடாளுமன்றத்துக்கு மனுப் போட வேண்டியிருந்தது. அடிமையல்லாத கறுப்பர்கள் வெளியேறாவிட்டால் அடிமைகளாக விற்கப்படுவார்கள் என்றது 1840ஆம் ஆண்டுச் சட்டம். இறந்துபோன உரிமையாளர்களின் சொத்துப் பட்டியல்களிலோ, மாடுகளோடு சேர்த்து மனிதர்களுக்கும் விலை குறித்திருக்கிறார்கள்.

இந்தப் பறிப்பு சட்டத்தை மீறி நடக்கவில்லை. சட்டத்தின் பெயரிலேயே, கையெழுத்திட்டு நடந்தது. அதனால்தான் சாட்சியும் மிஞ்சியிருக்கிறது. ‘எங்கள் முன்னோர் உழைத்துச் சேர்த்த நிலம்’ என்று அங்கே ஒருவர் பெருமை பேசினால், முதல் பத்திரத்தைக் கேட்பதே நியாயம்.