தெர்மகோல் கிணற்றில் தண்ணீர் வராது!



காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் நம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடக்கப் போகிறது. இந்த வருடம் தலைப்பு தண்ணீர். என்னென்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். தெர்மகோலில் ஒரு மலை. அதிலிருந்து இறங்கும் நீல பெயின்ட் ஆறு. ஸ்பாஞ்சில் மரம், தீப்பெட்டியில் வீடு, ஐஸ் குச்சியில் கிணறு. பக்கத்தில் விறைப்பாக ஒரு மாணவன். நாம் போய் நின்றதும் சுவிட்சைப் போட்ட மாதிரி, “நீரே உயிர், நீரைச் சேமிப்போம், நிலத்தடி நீரைக் காப்போம்” என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான். நடுவில் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பான். மேஜை ஓரத்தில் ஓர் அட்டை தொங்கும்: ‘தொடாதீர்கள்’.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். தண்ணீரைப் பற்றிய கண்காட்சியில் தண்ணீர் இருக்க வேண்டும். பார்க்க வருகிறவர்களின் கை நனைய வேண்டும். அவர்களே ஊற்ற வேண்டும், அளக்க வேண்டும், தூக்க வேண்டும். கண்காட்சி போதும் நண்பர்களே, இனி கைக்காட்சி வேண்டும்!

ஏன் இப்படிச் சொல்கிறேன்? மூன்றாம் வகுப்பிலிருந்து நாம் ‘மழைநீர் சேகரிப்பு’ கட்டுரை எழுதி வருகிறோம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் மனப்பாடம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-ல் சட்டம் வந்ததும் நமக்குத் தெரியும். ஆனால், “நம்ம வகுப்பறைக் கூரை மேல ஒரு வருஷத்துக்கு எத்தனை குடம் தண்ணி விழுது?” என்று கேட்டால் எல்லோரும் மேலே பார்ப்போம். பதில் கூரையில் எழுதியிருக்காது. அளந்தவனுக்கு மட்டும்தான் அது தெரியும். ஒப்பித்தது பரீட்சையோடு போய்விடும், அளந்தது கூடவே இருக்கும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் 1969-ல் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் என்ற இயற்பியல் அறிஞர் ‘எக்ஸ்ப்ளோரடோரியம்’ என்ற அறிவியல் கூடத்தைத் தொடங்கினார். அணுகுண்டு ஆய்வில் பெயர் பெற்ற ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி இவர். கொலராடோ மாநிலத்தில் ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியாராகவும் இருந்தவர். அவருடைய கூடத்தில் எல்லாவற்றையும் தொடலாம், திருகலாம், ஊதலாம். உலகத்தில் பல அறிவியல் மையங்கள் அதைப் பார்த்துத்தான் இந்த வழிக்கு வந்தன.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் சென்னைக்குப் போகலாம். மந்தைவெளிப் பக்கம் 2002-ல் ‘மழை இல்லம்’ திறந்தார்கள். சேகர் ராகவன் என்பவர் முன்நின்று நடத்திய முயற்சி. மழைத் தண்ணீரை எப்படிப் பிடிப்பது, எப்படி மண்ணுக்குள் விடுவது என்று மாதிரிகள் வைத்து விளக்குவதற்கென்றே ஓர் இடம். அதே சென்னையில்தான் 2019 கோடையில் ஏரிகள் வறண்டன. அந்த வருடம் ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 50 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர். தெரிந்துகொள்ள இடம் இருந்தும் கற்றுக்கொள்ளாத ஊர் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அந்த ரயிலே சாட்சி.

சரி, நாம் என்ன செய்யலாம்? நம்மிடம் இருக்கும் குடம், வாளி, அண்டா, காலி பாட்டில் இவற்றை வைத்தே ஏழு மேஜை போடலாம். ஒரு மேஜைக்கும் தெர்மகோல் வேண்டாம்.

முதல் மேஜை, ஒரு லிட்டர் பாட்டில். உலகத்துத் தண்ணீர் மொத்தமும் இந்த ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நல்ல தண்ணீர் சுமார் 25 மில்லி. அதை ஒரு சின்ன கிளாசில் ஊற்றச் சொல்லுங்கள். அதிலும் ஏறக்குறைய 17 மில்லி பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி நிலத்துக்குள். ஆறு, ஏரி என்று நம் கண்ணுக்குத் தெரிவது எவ்வளவு? இங்க் ஃபில்லரில் எடுத்தால் ஒன்றரைச் சொட்டு! இதைப் புத்தகத்தில் சதவீதமாகப் படித்தால் அடுத்த பக்கம் போய்விடுவோம். அந்தச் சொட்டு உள்ளங்கையில் விழும்போது சும்மா போக முடியாது.

இரண்டாவது, ஒழுகும் குழாய். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் விழும்படி ஒரு பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுவோம். சுமார் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. ஒரு நாளைக்கு 86,400 நொடி. வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல் வரும். வருடத்துக்கு 1,500 லிட்டர் தாண்டும். கண்காட்சி முடியும்போது கீழே உள்ள வாளியில் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து, கணக்கு சரியா என்று பார்க்கலாம். பிறகு அதே கணக்கை நம் பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள குழாய்க்கும் போடலாம். அது நொடிக்கு எத்தனை சொட்டு விடுகிறது என்று நான் இங்கே எழுதவில்லை. நீங்களே போய் எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, குடம் தூக்கும் மேஜை. 15 லிட்டர் குடத்தில் உள்ள தண்ணீர் 15 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு நூறு தப்படி நடக்க வேண்டும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குச் சின்னக் குடம் போதும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு. ஐந்து பேர் வீட்டுக்கு 275 லிட்டர், அதாவது 18 குடத்துக்கு மேல். இந்தக் குடங்களை யார் தூக்குகிறார்கள்? நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தில் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு போகும் அம்மாக்களையும் அக்காக்களையும் பார்க்காதவர் யாரும் இல்லை. “தண்ணி பிடிக்கப் போனேன் டீச்சர், அதான் லேட்டு” என்ற பதிலை நம் பள்ளியில் பெரும்பாலும் பெண் குரலில்தான் கேட்கிறோம். ஆகவே இந்த மேஜையில் முதல் ஆளாக மாணவர்கள் வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். மாணவிகளுக்கு இந்தப் பரிசோதனை தினமும் வீட்டில் நடக்கிறது!

நான்காவது, மழைமானி. நேர்ச் சுவர் உள்ள காலி பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டித் தலைகீழாகச் செருகினால் புனல். அடியில் கூழாங்கல் போட்டு, தண்ணீர் ஊற்றி மட்டம் செய்து, அங்கே பூஜ்யம் குறித்து, ஸ்கேலை ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒரு வரி போதும். 20 அடிக்கு 20 அடி வகுப்பறையின் கூரை சுமார் 37 சதுர மீட்டர். நம் மாவட்டத்தில் வருடத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக மழை பெய்கிறது. 800 என்றே வைத்தாலும் 29,600 லிட்டர்! சிந்தியது, ஆவியானது, முதல் மழையில் கூரை கழுவிப் போனது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 1,500 குடத்துக்கு மேல் மிஞ்சும். ஒரே ஒரு வகுப்பறைக் கூரையில்! ‘வறண்ட மாவட்டம்’ என்று நம்மை நாமே சொல்லிக்கொள்வதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, மூன்று கரண்டி. மழைத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் மூன்றையும் தனித்தனிக் கரண்டியில் ஊற்றி, ஆசிரியர் முன்னிலையில் மெழுகுவர்த்தியில் சுண்ட வைக்க வேண்டும். எந்தக் கரண்டியில் வெள்ளையாகப் படிகிறது, எதில் ஒன்றும் இல்லை? வருகிறவர்கள் வீட்டிலிருந்தும் தண்ணீர் கொண்டுவரலாம். உப்புத் தண்ணீர் என்று சொல்லிக் கேட்பதற்கும், அந்த உப்பை விரலால் சுரண்டிப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஆறாவது, சாப்பாட்டுத் தட்டு. ஒரு கிலோ அரிசி விளைய உலகச் சராசரியாகச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மழையாக வந்ததும் பாசனமாகப் பாய்ந்ததும் சேர்த்துத்தான். அப்படியானால் 100 கிராம் அரிசிக்கு 250 லிட்டர். ஒரு தட்டில் 100 கிராம் அரிசியை வைத்து, பின்னால் 17 குடங்களை வரிசையாக அடுக்கி வைப்போம். மதியம் சத்துணவில் மிச்சம் வைத்துக் கொட்டுகிறவர்களுக்கு வேறு அறிவுரையே வேண்டாம்.

ஏழாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, குமிழித் தூம்பு. நம் முன்னோர் கண்மாய்க்குள் கட்டிய மடை. மேலே ஒரு துளை, நீரோடி. கீழே சின்னத் துளைகள், சேறோடி. மேல் துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் தெளிந்த தண்ணீர் அதன் வழியாகக் கால்வாய்க்குப் போகும். கீழ்த் துளைகள் வழியாக வண்டலும் வெளியேறும். ஒரு பெரிய அண்டா, ஒரு குழாய்த் துண்டு, ஒரு கல், கொஞ்சம் களிமண் இருந்தால் இதைச் செய்துவிடலாம். பிள்ளைகளே கல்லைத் தூக்கிப் பார்க்கட்டும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. அவற்றில் எத்தனைக்கு வரத்துக் கால்வாய் ஒழுங்காக இருக்கிறது, எத்தனை சீமைக் கருவேலத்தில் மூடிக் கிடக்கிறது என்ற கேள்வி அங்கேதான் பிறக்கும். நம் நாட்டில் எடுக்கப்படும் தண்ணீரில் மிகப் பெரும் பங்கு விவசாயத்துக்குப் போகிறது. அதைப் பேசாமல் “தம்பி, குழாயை மூடு” என்று பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவது பாதி நியாயம்தான். கண்காட்சிக்கு அப்பாக்களும் தாத்தாக்களும் வருவார்கள். இந்த மேஜையில் அவர்கள்தான் ஆசிரியர்கள், நாம் மாணவர்கள்.

இதற்கு என்னென்ன மறுப்பு வரும் என்பதும் தெரியும்.

“தண்ணீரைச் சேமிக்கச் சொல்லிவிட்டு, தண்ணீரையே கொட்டி விளையாடுவதா?” நியாயமான கேள்வி. ஒவ்வொரு மேஜைக்கும் கீழே ஒரு தொட்டி வைப்போம். அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, சாயங்காலம் வேப்பங்கன்றுகளுக்கு ஊற்றிவிடுவோம். ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகாது.

“பாடம் கெட்டுப் போகும்.” பரப்பளவு, கனஅளவு, விகிதம், சராசரி எல்லாம் நம் கணக்குப் புத்தகத்தில் உள்ளவைதானே? நோட்டில் போடுவதை வாளியில் போடுகிறோம்.

“கிராமத்துப் பிள்ளைங்களுக்குத் தண்ணி அருமையைச் சொல்லிக் குடுக்கணுமா? குடம் தூக்குற பிள்ளைங்கதானே!” இதுதான் யோசிக்க வேண்டியது. ஆமாம், அவர்களுக்குத் தெரியும். ஆனால் தெரியும் என்பதை யாரும் கேட்டதே இல்லை. எந்தக் கிணறு எந்த மாதம் வற்றும், எந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, லாரி எந்தக் கிழமை வரும் என்று தெரிந்த மாணவி கண்காட்சி அன்று பார்வையாளராக ஓரத்தில் நிற்கிறாள். தெர்மகோல் வாங்கக் காசு உள்ளவன் பரிசு வாங்குகிறான். குடமும் வாளியும் எல்லார் வீட்டிலும் உண்டு. கைக்காட்சி வைத்தால், தெரிந்தவள் முன்னால் வருவாள்.

ஆகவே தலைமையாசிரியர் அவர்களுக்கும் அறிவியல் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் நான்கு.

1. இந்த வருடம் தெர்மகோலுக்குத் தடை.

2. ‘தொடாதீர்கள்’ அட்டைக்குப் பதிலாக ‘நீங்களே செய்து பாருங்கள்’ அட்டை.

3. அழகுக்குப் பரிசு வேண்டாம். வந்தவர்களை அதிகம் அளக்க வைத்த, அதிகம் கேள்வி கேட்க வைத்த மேஜைக்குப் பரிசு.

4. கண்காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் குப்பையில் போடாமல், மழைமானியை மட்டும் மைதானத்தில் நிரந்தரமாக வைக்க வேண்டும். வானிலைத் துறையினர் தினமும் காலை 8.30-க்கு மழையளவு எடுக்கிறார்கள். நாமும் அதே நேரத்தில் எடுத்து இறைவணக்கக் கூட்டத்தில் வாசிக்கலாம். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் இந்தச் சுவர்ப் பத்திரிகையில் ஒரு மூலை அதற்கு ஒதுக்கினால், நம் ஊர் மழைக்கு நம் கையால் எழுதிய கணக்கு இருக்கும்.

ஒழுகும் குழாயின் கணக்கையும் அதே மூலையில் எழுதலாம். ‘நேற்று வீணானது இத்தனை லிட்டர்’ என்று தினமும் ஒரு எண். அந்த எண் பூஜ்யம் ஆகும் நாளில்தான் நம் கண்காட்சி உண்மையில் வெற்றி பெற்றது என்று அர்த்தம்.

அளப்போம் நண்பர்களே, பிறகு பேசுவோம்!

— பதினொன்றாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி