தோள்வாரின் திருகுக்கு யார் பொறுப்பு?

ஓசூர் நெடுஞ்சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியை அடுத்து ஹெப்பகோடி வருகிறது. தொழிற்சாலைகளும் வங்கிக் கிளைகளும் ஏடிஎம் கூடங்களும் நெருங்கிய இப்பகுதியில், பணம் ஏற்றிய வண்டி வந்து நிற்பது அன்றாடக் காட்சி. வண்டியோடு வரும் காவலரின் தோளில் 12 போர் துப்பாக்கி தொங்கும். வழியில் போவோரின் கண் குழலைத்தான் பார்க்கிறது. அத்துப்பாக்கியைத் தோளில் தாங்கும் வாரையும், வாரைக் கட்டையோடு இணைக்கும் வளையத்தையும், அவ்வளையத்தைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகையும் எவரும் கவனிப்பதில்லை. கவனிக்கக் கடமைப்பட்ட நிறுவனங்களும் அவற்றை வெறும் துணைப்பொருளாகவே கருதுகின்றன. இக்கருத்து மாற வேண்டும்.

காரணம் எளியது. இரட்டைக் குழல் துப்பாக்கி ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ளது. அவ்வகையில் பெரும்பாலானவற்றில் பாதுகாப்புப் பூட்டு விசையை மட்டுமே தடுக்கிறது. உள்ளே இழுத்து நிறுத்தப்பட்ட சுத்தியலைத் தடுப்பதில்லை. ஆகவே பூட்டிய நிலையிலும், தோட்டா நிரப்பிய துப்பாக்கி தரையில் விழுந்தால் அதிர்ச்சியில் சுத்தியல் விடுபட்டு வெடிக்கக்கூடும். திருகு கழன்றால் துப்பாக்கி விழப்போவது வங்கி வாசலிலோ ஏடிஎம் வரிசையின் நடுவிலோதான். குழல்வாய் அந்நேரம் எத்திசை நோக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

பொருத்தும் முறையில் மறைபொருள் ஏதுமில்லை. முதலில் துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்ய வேண்டும். பின்வளையம் கட்டையின் அடிப்பக்கத்தில், நடுக்கோட்டில் அமைய வேண்டும். மரத்தில் இடும் துளை திருகின் மரைகளை நீக்கிய தண்டின் பருமனை ஒத்திருத்தல் வேண்டும். துளை சிறுத்தால் மரம் பிளக்கும். பெருத்தால் மரை பற்றாது. திருகில் சிறிது மெழுகு தடவினால் மரம் பிளவாமல் இறங்கும். பழைய கட்டையில் துளை தேய்ந்திருந்தால், இன்னும் பெரிய திருகை முடுக்குவது தீர்வாகாது. கடினமான மரத்தில் சீவிய முளையைப் பசையிட்டு இறக்கி, அது நன்கு காய்ந்த பின் புதிதாகத் துளையிட வேண்டும்.

முன்வளையத்தின் இடம் துப்பாக்கியின் வகையைப் பொறுத்தது. இரட்டைக் குழல் துப்பாக்கியில் முன்கட்டை கழற்றக்கூடியது என்பதால் வளையம் குழலோடு சேர்ந்திருப்பதே முறை. பம்ப் ஆக்‌ஷன் வகையில் முன்கட்டை முன்னும் பின்னும் நகர்வது. அதில் வாரைக் கட்டினால் துப்பாக்கியே இயங்காது. எனவே தோட்டாக் குழாயின் முனையிலுள்ள மூடியிலோ அதைச் சுற்றிய பட்டையிலோ வளையம் அமைகிறது. திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலை தயாரித்த 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கிக்கும் இவ்விதி பொருந்தும். வகை வேறுபாடு அறியாதவர் கயிற்றையோ கம்பியையோ கொண்டு செய்யும் கட்டு, பார்வைக்கு வார்போல் இருக்கும். பாரம் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 2005ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டத்தின்கீழ் 2006இல் வந்த மத்திய மாதிரி விதிகள், புதிய காவலருக்கு 100 மணி நேர வகுப்பறைப் பயிற்சியும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வகுத்தன. சீருடையைச் சரியாக அணிவதும் காவல்துறை, இராணுவப் பதவிச் சின்னங்களை அடையாளம் காண்பதும் அப்பாடத்திட்டத்தில் இருந்தன. துப்பாக்கியைக் கையாளும் பாடத்துக்கு எதிரே ‘விருப்பப்பாடம்’ என்ற குறிப்பு நின்றது. 2018இல் வந்த பணப் போக்குவரத்து விதிகளோ ஒவ்வொரு பணவண்டியிலும் 2 ஆயுதக் காவலர்கள் இருத்தல் வேண்டும் என்கின்றன. ஆயுதத்தைக் கட்டாயமாக்கிய ஓர் அமைப்பில், ஆயுதப் பயிற்சி விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது முரண்.

இதில் மொழிக்கும் பங்குண்டு. பேச்சு வழக்கில் தோள்வாரைப் ‘பெல்ட்’ என்றே சொல்லிவிடுகிறோம். அது தொங்கும் சுழல்வளையத்துக்கும் திருகுக்கும் நிலைத்த பெயர் இல்லை. தமிழும் கன்னடமும் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் கலந்து ஒலிக்கும் ஹெப்பகோடி போன்ற தொழில்நகரில், காவலரின் குறை அவர் அறிந்த சொல்லில் பதிவேட்டை எட்ட வேண்டும். பெயரில்லாத உறுப்பு தளர்ந்திருப்பதை எச்சொல்லால் எழுதுவது? ‘துப்பாக்கி சரியில்லை’ என்ற பொதுச் சொல்லோடு அம்முறையீடு முடிந்துபோகும்.

‘பெரும்பாலும் தோட்டா போடாமல்தானே வைத்திருக்கிறார்கள்’ என மறுப்போர் உண்டு. இவ்வாதம் வழக்கத்தை நம்புகிறதேயன்றி விதியை நம்பவில்லை. தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது வெளியிலிருந்து தெரியாத பொருளை எப்போதும் நிரப்பியதாகவே கருத வேண்டும் என்பது துப்பாக்கிப் பயிற்சியின் முதல் பாடம். வேறு சிலர் இதைக் காவலரின் தனிப்பட்ட பொறுப்பு என்பர். தாம் பொருத்தாத வளையத்துக்கு, குறைந்த ஊதியத்தில் நெடுநேரம் நிற்கும் ஒருவரைப் பொறுப்பாக்குவது நியாயமாகாது.

செய்ய வேண்டியவை மூன்று. ஆயுதம் ஏந்தும் காவலருக்கு ஆயுதப் பாடம் கட்டாயமாக வேண்டும். வளையம் பொருத்துதலும் சோதித்தலும் அதில் இடம்பெற வேண்டும். பணி மாற்றத்தின்போது தோட்டாக் கணக்கோடு ‘முன்வளையம், பின்வளையம், வார்’ என்ற மூன்று கட்டங்களும் பதிவேட்டில் சேர வேண்டும். தோட்டா அகற்றிய துப்பாக்கியின் வாரை வலுவாக இழுத்துப் பார்த்த பின்னரே அவற்றில் கையொப்பம் விழ வேண்டும். உறுப்புகளின் பெயர்கள் படத்துடன் காவலர் பேசும் மொழிகளில் ஒட்டப்பட வேண்டும். மொழித்துறை மாணவர்கள் இம்மூன்றாவது பணியை நாளையே தொடங்கலாம்.

ஆயுத பூஜையன்று இந்நகரின் எந்திரங்களுக்கும் வண்டிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் இடப்படுகின்றன. காவலரின் துப்பாக்கிக்கும் ஒரு பொட்டு கிடைக்கலாம். அந்தக் கையோடு பின்கட்டையின் திருகையும் ஒருமுறை தொட்டு அசைத்துப் பார்ப்பது நல்லது.