கோணல் குருவிக்கு ஒரு வக்காலத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சமையல் குறிப்பு அல்ல, சண்டை. செய்முறை நடுவில் வரும், அவசரப்பட வேண்டாம் :-)

மார்ச் பிறந்தால் போதும், எங்கள் வகுப்பில் படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். முட்டை பூசிப் பளபளவென்று, அச்சில் வார்த்து, இறகு இறகாகச் செதுக்கிய குருவி ரொட்டிகள். கூடவே ஒரு நக்கல்: "இதுதான்டா குருவி. போன வருஷம் நாம தின்னது என்னடா அது?" போன வருஷம் தின்றதுதான் மச்சான் குருவி. ஏன் என்று சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: நான் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறேன். இங்கே மார்ச் 22 அன்று பல வீடுகளில் 'ஜாவரன்கி' சுடுவார்கள். ஜாவரன்கி என்றால் வானம்பாடிகள். அந்தப் பெயரில், பறவை வடிவத்தில் கையளவு ரொட்டி. அன்று செபாஸ்தே நகரின் நாற்பது மறைசாட்சிகளின் திருநாள். இன்று துருக்கியில் சிவாஸ் என்று வழங்கும் ஊர் அது. கி.பி. 320 வாக்கில், கிறிஸ்தவத்தை விட மறுத்த 40 ரோமானியப் படைவீரர்களை உறைந்த ஏரியில் நிறுத்திக் கொன்றார்கள் என்பது மரபு. பழைய நாட்காட்டியில் மார்ச் 9. 13 நாள் வித்தியாசத்தால் இப்போது 22. இரவும் பகலும் சமமாகும் நேரம், வானம்பாடிகள் தெற்கிலிருந்து திரும்பும் நேரம், இரண்டும் இதை ஒட்டியே வருகின்றன.

கிராமங்களில் அந்தக் காலத்தில் பிள்ளைகள் இந்த ரொட்டியோடு கூரையிலும் மேட்டிலும் ஏறுவார்களாம். மேலே தூக்கிப் போட்டுப் பிடித்து, வசந்தத்தைப் பாட்டுப் பாடிக் கூப்பிட்டு, அப்புறம் தின்பார்கள். தூக்கிப் போடப் போகிற பொருளுக்கு எதற்கய்யா அழகிப் போட்டி?

இனி செய்முறை. மைதா 500 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 250 மில்லி, உலர் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 3 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, சூரியகாந்தி எண்ணெய் 50 மில்லி. முட்டை, பால், வெண்ணெய் மூன்றும் கிடையாது. மறந்துபோய் விட்டதல்ல. இந்த நாள் எப்போதும் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்புக்குள்தான் விழும். நோன்பில் அவை விலக்கு. ஆகவே முட்டை பூசிப் பளபளக்கும் குருவி முதல் அடியிலேயே அவுட். நிறம் வேண்டுமென்றால் சர்க்கரை போட்ட கெட்டிக் கட்டன் சாயாவைப் பூசுகிறார்கள்.

பிசைந்த மாவு இரண்டு மடங்காக உப்பியதும் பத்து உருண்டையாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு சாண் நீளக் கயிறாக உருட்டி ஒரே ஒரு முடிச்சு. மேலே வரும் நுனியைக் கிள்ளினால் அலகு. கீழே வரும் நுனியைத் தட்டையாக்கி மூன்று கீறு கீறினால் வால். கண்ணுக்கு உலர்திராட்சை, அதை ஆழமாக அழுத்த வேண்டும், இல்லையென்றால் மாவு உப்பும்போது கண் வெளியே வந்து விழும். இருபது நிமிஷம் விட்டு, 180 டிகிரியில் 20 முதல் 25 நிமிஷம்.

கவனித்தீர்களா? செருப்புக் கயிறு கட்டத் தெரிந்த குழந்தை இதைக் கட்டிவிடும். நிஜ வானம்பாடி இப்படியா இருக்கும்? இருக்காது. அந்தக் கவலையே இந்த வடிவத்துக்கு இல்லை. இது குழந்தைக் கைக்கு அளவெடுத்த வடிவம். விநாயகர் சதுர்த்திக்கு அம்மா கிள்ளித் தந்த கொழுக்கட்டை மாவில் நான் செய்த மூஞ்சூறு மாதிரிதான். அதை மூஞ்சூறு என்று ஒத்துக்கொள்ள வீட்டில் எல்லோருக்கும் பெரிய மனசு இருந்தது.

அந்த மனசு எனக்கு இல்லாமல் போன கதைதான் இது. 2025 மார்ச் 22, சனிக்கிழமை. எங்களுக்கு ரஷ்ய மொழி சொல்லித்தரும் ஆசிரியை வீட்டுக்கு நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். அவருடைய ஆறு வயதுப் பேத்தி நாற்காலியில் ஏறி நின்று குருவி செய்துகொண்டிருந்தாள். முடிச்சு அவிழ்ந்து, வால் இரண்டாகி, கண் மூன்று. தவளை மாதிரி இருந்தது. நான் படம் எடுக்க வேண்டுமே! "கொடு பாப்பா" என்று வாங்கி, உருட்டி, புதிதாக முடிச்சுப் போட்டு, அழகான குருவியாகத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். பாட்டி கூப்பிட்டும் மேசைக்குத் திரும்பி வரவில்லை. தேநீர் நேரத்தில் நான் செய்த குருவியை அவளுக்கு வைத்தார்கள். "இது என்னுடையது இல்லை" என்று தட்டைத் தள்ளினாள். சரியாகத்தானே சொன்னாள்? எனக்குக் கிடைத்தது படம். அவளிடமிருந்து போனது பண்டிகை.

"விருந்துக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்பீர்கள். விருந்தாளியை நினைத்துச் செய்ய வேண்டுமென்றால் கடையில் வாங்கி வையுங்கள், அழகாகவே இருக்கும். "குழந்தை உருட்டி உருட்டி மாவு கெட்டியாகிவிடும்" என்பீர்கள். அது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். மாவு தூவித் தூவி உருட்டினால் காய்ந்த ரொட்டிதான் வரும். சாயாவில் தோய்த்துத் தின்னுங்கள், பல் ஒன்றும் போய்விடாது. "அழகாக இருந்தால் என்ன தப்பு?" ஒரு தப்பும் இல்லை. உங்கள் உருண்டையில் உங்கள் அழகைக் காட்டுங்கள். அடுத்தவள் உருண்டையில் கை வைக்காதீர்கள்.

அச்சும் முட்டைப் பூச்சும் வந்த பிறகு அந்த மேசையில் ஆறு வயதுக்காரிக்கு என்ன வேலை மிச்சம்? வேடிக்கை பார்ப்பது. மேசையில் மிஞ்சுவது என்ன? குருவி வேஷம் போட்ட பன். அதற்கு மார்ச் 22 வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? பன் தினமும் கிடைக்கிறதே.

அடுத்த மார்ச் 22க்கு விடுதிச் சமையலறையில் நான் மாவு பிசைகிறேன். வருகிறவர்கள் வரலாம். ஆசிரியையிடம் கேட்டு அந்தப் பாப்பாவையும் கூப்பிடப் போகிறேன். வருவாளா, தெரியாது. வந்தால் முதல் உருண்டை அவளுக்கு. மூன்று கண் வைத்தாலும் சரி, படம் எடுக்க ஒருவனும் போனை வெளியே எடுக்கக்கூடாது. முக்கியமாக நான்.