பூச்சியைப் படம் பிடிக்க எந்த லென்சு?

கொடிக் கம்பியில் ஒரு தட்டான் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் காமிராவோடு மெல்லப் போகிறீர்கள். இரண்டடி தூரத்தில் நிற்கிறீர்கள். அது அசையவில்லை. ஒரு அடி தூரத்துக்கு வருகிறீர்கள். அப்போதும் அப்படியே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் நெருங்கினால் படம் பெரிதாக விழும் என்று காமிராவை நீட்டுகிறீர்கள். தட்டான் பறந்துவிட்டது!

இது காமிரா வைத்திருக்கும் எல்லாருக்கும் நடப்பதுதான். மறுநாள் கடைக்குப் போகிறார்கள். "பெரிய லென்சு கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். வீட்டில் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு வைத்திருந்த பணம் சில சமயம் அங்கே போய்விடுகிறது.

ஆகவே இந்த லென்சு விஷயத்தை விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

சின்னப் பொருளை மிக அருகில் இருந்து பெரிதாகப் படம் எடுக்கும் லென்சுக்கு மாக்ரோ லென்சு என்று பெயர். அதன் மேல் ஓர் எண் போட்டிருக்கும். 50, 60, 90, 100, 105, 180, 200 என்று பல எண்கள். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. லென்சின் குவிய தூரத்தை அந்த எண் சொல்லுகிறது. பெரும்பாலும், எண் ஏற ஏற விலையும் ஏறும்.

எண் பெரிதானால் எறும்பு பெரிதாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

காமிராவுக்குள்ளே படம் விழும் ஒரு தகடு இருக்கிறது. முன்பு அங்கே பிலிம் இருந்தது. இப்போது சென்சார் இருக்கிறது. பெரிய சென்சார் உள்ள காமிராவில் அதன் நீளம் 36 மில்லிமீட்டர். அகலம் 24 மில்லிமீட்டர். ஒரு தபால் தலை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6 மில்லிமீட்டர் நீளமுள்ள எறும்பு அந்தத் தகட்டிலும் 6 மில்லிமீட்டர் நீளத்துக்கு விழுந்தால், அதற்கு "ஒன்றுக்கு ஒன்று" என்று பெயர். நல்ல மாக்ரோ லென்சுகளில் பெரும்பாலானவை இந்த அளவு வரை போகும். 60 மி.மீ. லென்சில் எடுத்தாலும் எறும்பு 6 மில்லிமீட்டர்தான். 200 மி.மீ. லென்சில் எடுத்தாலும் 6 மில்லிமீட்டர்தான். ஒரு நூல் கூடாது. ஒரு நூல் குறையாது.

அப்படியானால் அதிகப் பணம் எதற்கு? தூரத்துக்கு!

மூன்று விரற்கடையும் ஒரு சாணும்

கணக்கைப் பாருங்கள். 2008-ல் வந்த நிக்கான் 60 மி.மீ. லென்சில் ஒன்றுக்கு ஒன்று எடுக்க வேண்டுமானால், லென்சின் முனைக்கும் எறும்புக்கும் நடுவே சுமார் 5 சென்டிமீட்டர்தான் இருக்கும். மூன்று விரற்கடைகூட முழுதாக இல்லை. 2009-ல் வந்த கேனன் 100 மி.மீ. லென்சில் இடைவெளி சுமார் 13 சென்டிமீட்டர். அரைச் சாணுக்குச் சற்று அதிகம். கேனன் 180 மி.மீ. லென்சில் சுமார் 25 சென்டிமீட்டர். அதாவது ஒரு சாண் நிறைய.

ஆனால் கம்பெனி விளம்பரத்தில் வேறு எண் இருக்கும். 100 மி.மீ. லென்சு 30 சென்டிமீட்டரில் படம் எடுக்கும் என்று எழுதியிருப்பார்கள். பொய் இல்லை. அந்த 30 சென்டிமீட்டரைக் காமிராவுக்குள் இருக்கும் தகட்டிலிருந்து அளக்கிறார்கள். காமிராவின் உடம்பும் லென்சின் நீளமும் போக மிச்சம்தான் 13. தட்டானுக்குத் தெரிவது அந்த மிச்சம்தான்.

மூன்று விரற்கடை தூரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. லென்சின் நிழலே பூச்சியின் மேல் விழுந்துவிடும். பிளாஷ் விளக்கு போட்டாலும் வெளிச்சம் உள்ளே நுழைய இடம் இராது.

பின்னால் தெரியும் காட்சியும் மாறுகிறது. நீண்ட லென்சு பின்புறத்தில் ஒரு சிறு துண்டை மட்டுமே பிடிக்கும். வேலியும் வாளியும் மறைந்து, பச்சை வர்ணம் பூசியதுபோல் இருக்கும். சின்ன லென்சில் எலுமிச்சைச் செடி, சுவர், துணி காயும் கொடி எல்லாம் மங்கலாகவாவது தெரியும். அதைக் குறை என்று பலர் சொல்லுகிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. கறிவேப்பிலையைத் தின்னும் புழு எந்த வீட்டுக் கொல்லையில் தின்கிறது என்று தெரிந்தால் என்ன நஷ்டம்?

கஞ்சி எழுத்தும் ஜப்பான் லென்சும்

இந்த லென்சுகள் முதலில் பூச்சிக்காகவே பிறந்தவை அல்ல.

ஜப்பானில் நிக்கான் கம்பெனி 1956-ல் "மைக்ரோ நிக்கோர்" என்று ஒரு லென்சை வெளியிட்டது. குவிய தூரம் 5 சென்டிமீட்டர். புத்தகங்களையும் பத்திரங்களையும் சின்னப் பிலிமில் படம் எடுத்துப் பத்திரப்படுத்துவதற்காகச் செய்த லென்சு அது. அந்தப் பிலிமை மைக்ரோ பிலிம் என்பார்கள்.

அதற்கு ஏன் தனி லென்சு? ஜப்பானியரின் எழுத்துதான் காரணம். சீனாவிலிருந்து வந்த எழுத்தை அவர்கள் கஞ்சி என்கிறார்கள். (நாம் குடிக்கும் கஞ்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.) ஓர் எழுத்துக்குள் இருபது கோடுகள் இருப்பதும் உண்டு. ஆங்கில எழுத்தைச் சிறிதாக்கினால் ஓரளவு படிக்கலாம். கஞ்சி எழுத்தைச் சிறிதாக்கினால் கோடுகள் ஒட்டிக்கொண்டு மையாகிவிடும். கோடு கோடாகப் பிரித்துக் காட்ட மிகக் கூர்மையான லென்சு வேண்டியிருந்தது.

மேசைமேல் விரித்த காகிதம் பறந்து போகாது. பக்கத்தில் போனால் கொட்டாது. அந்த வேலைக்கு 5 சென்டிமீட்டர் லென்சு போதும்.

1962-ல் அதே கம்பெனி டாக்டர்களுக்காக இன்னொரு லென்சு செய்தது. "மெடிக்கல் நிக்கோர்" என்று பெயர். இது 200 மி.மீ.! லென்சின் முகப்பைச் சுற்றி வளையல்போல் பிளாஷ் விளக்கு வைத்திருந்தார்கள். ஆபரேஷன் மேசையில் டாக்டரின் கைகளுக்கு நடுவே காமிராவை நுழைக்க முடியுமா? நோயாளியின் புண்ணை லென்சால் இடிக்க முடியுமா? தள்ளி நின்று எடுக்க வேண்டும். நிழல் விழாமலும் எடுக்க வேண்டும்.

ஆறே ஆண்டுகளில் ஒரே கம்பெனி இரண்டு லென்சு செய்தது. ஒன்று காகிதத்துக்கு. ஒன்று காயத்துக்கு. எந்த எண் வேண்டும் என்பதைப் படம் பிடிக்கப்படும் பொருள் சொல்லிவிட்டது. இன்றைக்கும் லென்சு வாங்குகிறவர் இதே வழியில் யோசித்தால் ஏமாறமாட்டார்.

ஒரு மில்லிமீட்டர் தெளிவு

நீண்ட லென்சில் தெளிவு குறையும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எறும்பின் கண் தெளிவாக விழுந்தால் கால் மங்கிவிடுகிறது என்கிறார்கள். கண் மட்டும் தெளிவாக விழுவது உண்மை. ஆனால் பழியை நீண்ட லென்சின் மேல் போடுவது தவறு.

ஒன்றுக்கு ஒன்று எடுக்கும்போது, எப் 8 துவாரத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். எப் 16 வைத்தால் சுமார் 2 மில்லிமீட்டர். இது 60-க்கும் 100-க்கும் 200-க்கும் ஏறக்குறைய ஒன்றே. துவாரத்தை இன்னும் சுருக்கினால் ஆழம் சற்றுக் கூடும். ஆனால் படம் முழுவதும் கூர்மை இழந்து சோர்ந்துவிடும்.

இதற்குக் காசில்லாத வைத்தியம் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சி சிறகை மூடி உட்கார்ந்திருந்தால், காமிராவைச் சிறகுக்கு நேர் இணையாகப் பிடியுங்கள். சிறகு முழுவதும் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

நீண்ட லென்சின் உண்மையான குறை எடை. நாம் சொன்ன கேனன் 180 மி.மீ. லென்சு ஒரு கிலோவும் 90 கிராமும் இருக்கிறது. 100 மி.மீ. லென்சு 625 கிராம். பூச்சியைப் பெரிதாக்கும்போது கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகிறது. ஒரு கிலோ லென்சுக்கு முக்காலி வேண்டும். முக்காலியை ஊன்றி முடிக்கும் வரை பூச்சி காத்திருக்க வேண்டும்!

குளிர்ப்பெட்டியில் பூச்சி

இனி சொல்லப் போவது எண்ணைப் பற்றியது அல்ல. ஆனால் சொல்லாமல் விட முடியாது.

பூச்சி பறந்துவிடாமல் இருக்க, அதைப் பிடித்துக் குளிர்ப்பெட்டியில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குளிரில் பூச்சியின் உடம்பு மரத்துவிடும். வெளியே எடுத்துப் பூவின்மேல் உட்கார வைக்கிறார்கள். மூன்று விரற்கடையில் லென்சை வைத்துப் படம் எடுக்கிறார்கள். பசை வைத்து ஒட்டுகிறவர்களும் உண்டு. பிறகு "இயற்கையின் அழகு" என்று அந்தப் படத்துக்குப் பெயர்!

இது கொடுமை. பொய்யும்கூட. படத்தைப் பார்க்கும் குழந்தை அந்தப் பூச்சி உயிரோடு தானாக வந்து பூவில் உட்கார்ந்தது என்று நம்புகிறது. போட்டிகளில் பரிசு கொடுப்பவர்கள் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். திருப்தியான பதில் வராத படத்துக்குப் பரிசு கொடுக்கக் கூடாது.

பூச்சி தானாகவே மரத்திருக்கும் நேரம் ஒன்று உண்டு. விடியற்காலை. வெயில் ஏறி உடம்பு சூடாகும் வரை வண்ணத்துப்பூச்சியும் தட்டானும் சட்டென்று பறப்பதில்லை. பனித்துளியோடு புல்லில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் போனால், ஒரு சாண் தூரம் வேண்டிய பூச்சியை அரைச் சாணிலும் எடுக்கலாம். சிறிய லென்சு வைத்திருப்பவர் சீக்கிரம் எழுந்தால் போதும்.

எதை வாங்கலாம்?

வீட்டுக்கு ஒரே ஒரு மாக்ரோ லென்சு என்றால், 90 முதல் 105 மி.மீ. வரை உள்ள ஒன்று போதும் என்பது நமது கருத்து. அரைச் சாண் தூரம் கிடைக்கிறது. கையில் பிடித்து எடுக்கலாம். பூச்சி எடுக்காத நாளில் குழந்தையின் முகத்தை எடுக்கலாம்; இந்த லென்சுகளில் முகம் கோணாமல் அழகாக விழும். ஒரு செலவில் இரண்டு வேலை.

தபால் தலை, பழைய நாணயம், நகை, தாத்தா எழுதிய கடிதம், ஓலைச்சுவடி இவைதான் உங்கள் ஆசை என்றால் 50 அல்லது 60 மி.மீ. போதும். அதைக்கூட உடனே வாங்க வேண்டாம். வீட்டில் சாதாரண 50 மி.மீ. லென்சு இருந்தால், அதற்கும் காமிராவுக்கும் நடுவே 50 மில்லிமீட்டர் நீளமுள்ள வெற்றுக் குழாயைப் பொருத்துங்கள். எக்ஸ்டென்ஷன் டியூபு என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். அதில் கண்ணாடியே கிடையாது. ஒன்றுக்கு ஒன்று வந்துவிடும். வெளிச்சம் குறையும், பொருள் மிக அருகில் இருக்க வேண்டும். நாணயத்துக்கு அதனால் என்ன?

180, 200 மி.மீ. லென்சு, குளவியையும் தட்டானையும் வருஷம் முழுவதும் தேடிப் போகிறவருக்கு உரியது. ஆசைக்காக ஒருமுறை வாங்கிப் பீரோவில் வைக்கும் பொருள் அல்ல. பாம்புக்கு எந்த மாக்ரோ லென்சும் வேண்டாம். ஒரு சாண் தூரம் கண்ணாடி விரியனுக்கு ஒரு தூரமே இல்லை.

கைபேசியும் இந்தக் கணக்குக்குத் தப்பவில்லை. 2021-ல் வந்த ஐபோன் 13 புரோ, 2 சென்டிமீட்டர் வரை நெருங்கிப் படம் எடுத்தது. குவிய தூரம் மிகக் குறைந்த லென்சை அதற்குப் பயன்படுத்துகிறார்கள். பூவுக்கு நன்றாக இருக்கும். தட்டான் 2 சென்டிமீட்டர் வரை காத்திருக்குமா?

கடையில் ஒரு சோதனை

லென்சின்மேல் "மாக்ரோ" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்குதான் காட்டும் லென்சுகளுக்கும் அந்தப் பெயரைப் போட்டு விற்கிறார்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அடிக்கோல் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். கடை மேசையில் வையுங்கள். லென்சை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருக்கி, கோல் தெளிவாகத் தெரியும்போது ஒரு படம் எடுங்கள். பெரிய சென்சார் காமிராவில், படத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 36 மில்லிமீட்டர் தெரிந்தால் அது ஒன்றுக்கு ஒன்று. சிறிய சென்சார் காமிராவில் சுமார் 23 மில்லிமீட்டர் தெரியும். 100 மில்லிமீட்டருக்கு மேல் தெரிந்தால் லென்சைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

காமிராவை நகர்த்தாமல், அதே அடிக்கோலின் மறுபுறத்தால் லென்சின் முனைக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து பாருங்கள். வெயில் படாமல் லென்சின் முன்னால் மாட்டும் மூடாக்கு ஒன்று கூடவே கொடுப்பார்கள். அதையும் மாட்டி இன்னொரு முறை அளக்க வேண்டும். அதுவும் சில சென்டிமீட்டரை விழுங்கிவிடும்.