பதினான்கு நாற்காலிகள், இருபது அணிகள்

1995 மார்ச் மாதக் கடைசி. ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் ஆட்டக்காரர்கள் பலரின் முன்னால், அதுவரை அவர்கள் கனவிலும் பார்த்திராத தொகைகள் எழுதிய ஒப்பந்தங்கள் வைக்கப்பட்டன. யோசித்துச் சொல்ல அதிக அவகாசம் தரப்படவில்லை. போட்டிக்கு எதிர்த்தரப்பும் பணப்பெட்டியைத் திறந்தது. ஏப்ரல் பிறந்தபோது நாட்டின் மிகப் பிரபலமான விளையாட்டுகளில் ஒன்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. சண்டை பந்துக்காக அல்ல. அந்தப் பந்து யாருடைய டி.வி.யில் தெரிய வேண்டும் என்பதற்காக.

ஒரு பக்கம் ரூபர்ட் முர்டோக். இன்னொரு பக்கம் கெர்ரி பேக்கர். இந்திய ரசிகர்களுக்கு இருவருமே அந்நியர்கள் அல்லர். ஸ்டார் டி.வி.யை 1993-ல் கைப்பற்றி நம் வரவேற்பறைக்குள் நுழைந்தவர் முர்டோக். 1977-ல் கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை மறுக்கப்பட்ட கோபத்தில் உலகின் சிறந்த ஆட்டக்காரர்களை மொத்தமாக விலைக்கு வாங்கித் தனிச் சர்க்கஸ் நடத்தியவர் பேக்கர். வேடிக்கை என்னவென்றால், 18 ஆண்டுகள் கழித்து அதே பேக்கர் பழைய அமைப்பின் காவலராக நின்றார். ரக்பி லீக்கின் இலவச ஒளிபரப்பு உரிமை, கட்டண ஒளிபரப்பு உரிமை இரண்டுமே அவர் கையில் இருந்தன. அன்று அவர் செய்ததை இப்போது முர்டோக் அவருக்கே செய்து காட்டினார்.

காரணம் எளிது. ஆஸ்திரேலியாவில் கட்டண டி.வி. அப்போதுதான் முளைவிட்டிருந்தது. முர்டோக்கும் டெல்ஸ்ட்ரா நிறுவனமும் சேர்ந்து ஃபாக்ஸ்டெல்லைத் தொடங்கிய ஆண்டு அது. பேக்கர், போட்டி நிறுவனமான ஆப்டஸ் விஷன் பக்கம். சும்மா கிடைக்கும் டி.வி.யை விட்டுவிட்டு மாதாமாதம் பணம் கட்ட ஒரு குடும்பம் ஏன் முன்வர வேண்டும்? பழைய சினிமாவுக்காக வராது. சனி, ஞாயிறு ஆட்டங்களுக்காக வரும். உரிமை விற்பனைக்கு இல்லையென்றால் ஆட்டத்தையே புதிதாக உண்டாக்கிவிடலாம் என்று முர்டோக்கின் நியூஸ் லிமிடெட் கணக்குப் போட்டது. புது லீக்கின் பெயர் சூப்பர் லீக்.

கூலிக்காகப் பிறந்த ஆட்டம்

ரக்பி லீக்கின் பிறப்பே ஒரு பணத் தகராறுதான். 1895-ல் இங்கிலாந்தின் வடபகுதிக் கிளப்கள் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடித் தாய்ச் சங்கத்தைவிட்டு வெளியேறின. அவர்களது ஆட்டக்காரர்கள் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் வேலை செய்தவர்கள். ஆட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று. அதை ஈடுகட்ட வேண்டும் என்று கிளப்கள் கேட்டன. ‘பணம் வாங்கினால் அது விளையாட்டே அல்ல’ என்பது லண்டன் கனவான்களின் நிலை. கனவான்களின் ஆட்டம் ரக்பி யூனியன் ஆயிற்று. தொழிலாளர்களின் ஆட்டம் காலப்போக்கில் அணிக்கு 13 பேராகக் குறைந்து ரக்பி லீக் ஆயிற்று.

சரியாக நூறாண்டு கழித்து, 1995 ஏப்ரலில் அதே வடபகுதிக் கிளப்கள் முர்டோக்கிடம் ஐந்தாண்டுகளுக்கு 8.7 கோடி பவுண்டு பெறச் சம்மதித்தன. பதிலாக, குளிர்கால ஆட்டத்தைக் கோடைக்கு மாற்றச் சொன்னார்கள், மாற்றினார்கள். பக்கத்துப் பக்கத்துக் கிளப்களை இணைத்துவிடவும் திட்டம் வந்தது. காசல்ஃபோர்ட், வேக்ஃபீல்ட், ஃபெதர்ஸ்டன் மூன்றும் ஒரே அணி ஆக வேண்டும். மூன்றும் யார்க்‌ஷயரின் சுரங்க வட்டாரத்து ஊர்கள். ஒருவரை ஒருவர் தோற்கடிப்பதையே ஆண்டு முழுவதும் பேசிக்கொண்டிருப்பவர்கள். ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். இணைப்புத் திட்டம் கைவிடப்பட்டது. பணமும் கோடைக்கால ஆட்டமும் மட்டும் நிலைத்தன.

ஆஸ்திரேலியாவில் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. 1996 பிப்ரவரியில் ஃபெடரல் கோர்ட் சூப்பர் லீக்குக்குத் தடை போட்டது. அக்டோபரில் அதே கோர்ட்டின் முழு அமர்வு தடையை நீக்கியது. 1997-ல் ஒரே நாட்டில் இரண்டு லீக்குகள்: பழையதில் 12 அணிகள், புதியதில் 10. இரண்டு கோப்பைகள், இரண்டு சாம்பியன்கள். பழைய லீக்கின் இறுதி ஆட்டத்தில் கடைசி நொடிகளில் கோலடித்தாற்போல ஒரு ‘ட்ரை’ போட்டு மேன்லியை 22-16 என்று வீழ்த்தியது நியூகாஸில். ஊரின் உயிர்நாடியான இரும்பாலை மூடப்படும் என்று அறிவிப்பு வந்த ஆண்டு அது. அந்த வெற்றி அந்த ஊருக்கு என்னவாக இருந்தது என்று எந்த ஒளிபரப்பு ஒப்பந்தத்திலும் எழுத முடியாது.

இருபதிலிருந்து பதினான்கு

கோடிக்கணக்கான டாலர் கரைந்தபின் 1997 டிசம்பரில் சமாதானம். பழைய சங்கமும் நியூஸ் லிமிடெட்டும் சரிபாதிப் பங்காளிகள். பெயர், நேஷனல் ரக்பி லீக். 1998-ல் அணிகள் 20. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: 2000-ம் ஆண்டு முதல் 14 அணிகள் மட்டுமே.

அதற்குள்ளேயே பெர்த், ஹன்டர், தெற்குக் குயின்ஸ்லாந்து அணிகள் கடை கட்டியிருந்தன. 1998 முடிவில் அடிலெய்டும் கோல்ட் கோஸ்ட்டும் போயின. செயின்ட் ஜார்ஜும் இலவாராவும் ஒன்றாயின. மீதி 17. அடுத்து பால்மெயினும் வெஸ்டர்ன் சபர்ப்ஸும் கைகோத்தன. வடக்கு சிட்னியும் மேன்லியும் மனமில்லாமல் மணமுடித்தன. மீதி 15. நாற்காலிகள் 14. கூட்டம், வசூல், விளம்பரதாரர், லாபம், ஆட்டத்தில் எடுத்த புள்ளிகள் என்று மதிப்பெண் போட்டார்கள். 1999 அக்டோபரில் வெளியே தள்ளப்பட்டது சவுத் சிட்னி.

அது சாதாரணக் கிளப் அல்ல. 1908-ல் தொடங்கிய லீக்கின் முதல் சாம்பியன். 1971-க்குள் 20 பட்டங்கள்; வேறெந்தக் கிளப்புக்கும் அந்த எண்ணிக்கை இல்லை. ரெட்ஃபெர்ன் என்ற உழைப்பாளர் பேட்டை அதன் வீடு. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் அரசியலுக்கும் பேர்போன இடம். தெருத்தெருவாக முயல் விற்றவர்களை வைத்து வந்ததாகச் சொல்லப்படும் ‘ராபிட்டோஸ்’ என்ற பட்டப்பெயர். புகழ் இருந்தது, பணம் இல்லை. இன்னொரு கிளப்போடு இணையச் சொன்னார்கள். மறுத்தது. மறுப்புக்கு விலை கொடுத்தது.

தலைவர் ஜார்ஜ் பிக்கின்ஸ், கிளப்பின் பழைய ஆட்டக்காரர். கோர்ட்டுக்குப் போனார். ரசிகர்கள் தெருவுக்குப் போனார்கள். 1999 அக்டோபரில் சிட்னியில் சுமார் 40,000 பேர் ஊர்வலம்; 2000 நவம்பரில் அது 80,000 என்று கணக்கிடப்பட்டது. நிதி திரட்ட நடந்த ஏலத்தில் நடிகர் ரஸ்ஸல் குரோ 1908-ம் ஆண்டின் மணி ஒன்றை 42,000 டாலருக்கு எடுத்தார். இரண்டு பருவங்கள் களமே இல்லாமல், வழக்கை மட்டுமே ஆடிக்கொண்டிருந்தது சவுத் சிட்னி.

முதல் கோர்ட்டில் தோல்வி. 2001 ஜூலையில் மேல்முறையீட்டில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வெற்றி. 2002-ல் அணி களத்துக்குத் திரும்பியது. வழக்கு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான ஹைகோர்ட்வரை போய், 2003 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. நாலுக்கு ஒன்று என்று நியூஸ் லிமிடெட் ஜெயித்தது. 14 அணிகள் என்ற வரம்பு குறிப்பிட்ட கிளப்பை ஒழிப்பதற்காக வைத்ததல்ல என்றது கோர்ட். சட்டப்படி சவுத் சிட்னியை வெளியே அனுப்பியது செல்லும். ஆனால் யாரும் அதை மறுபடி வெளியே அனுப்பவில்லை. சிட்னியின் தெருக்கள் தந்த தீர்ப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது.

இதோடு கதையை முடித்தால் இனிப்பாக இருக்கும். ஆனால் திரும்பி வந்த அணி 2003, 2004, 2006 என மூன்று முறை பட்டியலின் அடியில் கிடந்தது. உள்ளே இருக்கும் உரிமை கிடைத்தது. உள்ளே வாழ்வதற்கான பணம் கிடைக்கவில்லை. 2006 மார்ச்சில் உறுப்பினர்கள் வாக்களித்து, கிளப்பின் 75 சதவீதத்தை 30 லட்சம் டாலருக்கு ரஸ்ஸல் குரோவுக்கும் தொழிலதிபர் பீட்டர் ஹோம்ஸ் ஆ கோர்ட்டுக்கும் விற்றார்கள். தேவைப்பட்டது 75 சதவீத ஆதரவு, கிடைத்தது 75.8. கடைசிவரை எதிர்த்து நின்றவர் பிக்கின்ஸ். கம்பெனியிடமிருந்து காப்பாற்றிய கிளப்பை முதலாளிகளிடம் கொடுப்பதா என்பது அவர் வாதம். 2014-ல் 43 ஆண்டுக்குப் பின் பட்டம் வந்தபோது ரெட்ஃபெர்ன் கொண்டாடியது. ஆனாலும் பிக்கின்ஸின் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

பங்கு பிரிக்கும் சண்டை

ஒரு கிளப்புக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நுழைவுச் சீட்டு, உறுப்பினர் சந்தா, விளம்பரம். நியூ சவுத் வேல்ஸில் இவற்றோடு ‘லீக்ஸ் கிளப்’ எனப்படும் கேளிக்கை விடுதிகளின் சூதாட்ட எந்திரங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, டி.வி. உரிமையை விற்ற லீக் தரும் ஆண்டு மானியம். ஆட்டக்காரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் ஓர் உச்சவரம்பு வைக்கிறது. மானியம் அந்த வரம்புக்குக் கீழே இருந்தால் சின்னக் கிளப் ஒவ்வொரு ஆண்டும் கடனில் ஆடும்.

நியூஸ் லிமிடெட் 2012-ல் பங்கைவிட்டு விலகி, சுயேச்சையான கமிஷன் பொறுப்பேற்றது. அதே ஆண்டு ஐந்தாண்டு உரிமை 102.5 கோடி டாலருக்கு விற்றது. அடுத்த ஐந்தாண்டுக்கு, 2018 முதல் 2022 வரை, 180 கோடி என்று அறிவித்தார்கள். உடனே பங்காளிச் சண்டை. சம்பள வரம்பின் 130 சதவீதத்தை மானியமாகத் தருவதாக 2015 டிசம்பரில் கமிஷன் தலைவர் ஜான் கிரான்ட் ஒப்புக்கொண்டார். 2016 நவம்பரில் அந்த வாக்கைத் திரும்பப் பெற்றார். பள்ளி, கிராம அளவில் ஆட்டத்தை வளர்க்கவும் பணம் வேண்டும் என்பது கமிஷனின் கணக்கு. கிளப் தலைவர்கள் கூட்டத்திலிருந்து வெளிநடப்பு செய்து, கிரான்ட்டைப் பதவியிறக்க முனைந்தார்கள். டிசம்பரில் சமரசம், ஆண்டுக்குச் சுமார் 1.3 கோடி டாலர் வீதம் ஒவ்வொரு கிளப்புக்கும் முடிவாயிற்று. கிரான்ட் 2018-ல் விடைபெற்றார்.

இத்தனை கோடியும் எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்று 2020-ல் தெரிந்தது. கொரோனாவால் இரண்டே சுற்றுகளில் ஆட்டம் நின்றது. ஆட்டம் இல்லையென்றால் ஒளிபரப்பு இல்லை. ஒளிபரப்பு இல்லையென்றால் மானியம் இல்லை. லீக்கின் கையிருப்பு சொற்பம். பணத்தை வீணடித்துவிட்டீர்கள் என்று ஒளிபரப்பாளரான சேனல் நைன் பகிரங்கமாகவே குற்றம் சாட்டியது. ஏப்ரலில் தலைமை நிர்வாகி டாட் கிரீன்பெர்க் பதவி விலகினார். மே 28-ல் காலி அரங்கங்களில் ஆட்டம் மீண்டும் தொடங்கியது. பார்க்க ஆள் இல்லாமல் ஆட முடிந்தது. படம்பிடிக்க ஆள் இல்லாமல் ஆட முடியாது.

இன்றைய கணக்கோ தலைகீழ். 2023-ல் அணிகள் 17 ஆயின. பெர்த் அணி 2027-ல் வரும் என்றும், பாப்புவா நியூ கினி அணி 2028-ல் வரும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். பின்னதற்குப் பத்தாண்டுகளில் 60 கோடி டாலர் தருவது ஆஸ்திரேலிய அரசு. பசிஃபிக்கில் சீனாவின் செல்வாக்கு பற்றிய கவலையும் அதில் இருக்கிறது. அணி கூடினால் வாரத்துக்கு ஓர் ஆட்டம் கூடும். ஓர் ஆட்டம் கூடினால் உரிமை ஏலத்தில் விலை கூடும். 1999-ல் அணிகளைக் குறைத்தால்தான் ஆட்டம் பிழைக்கும் என்றார்கள். இப்போது கூட்டினால்தான் பிழைக்கும் என்கிறார்கள். இரண்டு முறையும் எண்ணிக்கையைத் தீர்மானித்தது மைதானம் அல்ல, ஒளிபரப்பு மேஜை.

பெர்த் அணிக்கு வைத்திருக்கும் பெயர் ‘பெர்த் பேர்ஸ்’. மேன்லியோடு மணமுடித்து மறைந்துபோன வடக்கு சிட்னியின் பழைய பெயர் அது. 1999-ல் லாபக் கணக்கில் பெறாத பெயர், கால் நூற்றாண்டு கழித்து, நாட்டின் மறுகரையில், விலை பெறுகிறது. அந்தப் பெயருக்கு மதிப்பை ஏற்றி வைத்திருந்தவர்கள், அணியே இல்லாத ஆண்டுகளிலும் அதை விடாமல் சொல்லிக்கொண்டிருந்த ரசிகர்கள். எந்த ஏலத்திலும் அவர்களுக்குப் பங்கு கிடையாது.