நுங்கு வண்டி

கட்டை அடுக்கி விளையாடினால் பிள்ளைக்கு இடஅறிவு வளரும், கணக்கு வரும் என்கிறார்கள். சரிதான். 1907-இல் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில்தான் மரியா மாண்டிசோரி தன் முதல் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். இன்றைக்கு அந்தப் பெயரைப் பலகையில் எழுதி ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். சேரிப் பிள்ளை கேட்டுக்கு வெளியே.

கட்டை இல்லாத எனக்கு நுங்கு வண்டி இருந்தது. ரெண்டு காயும் ஒரே அளவா இருக்கணும், குச்சி நடுவுல ஏறணும், இல்லன்னா ஒரு பக்கமா இழுக்கும். கவட்டைக் கம்பை எவ்வளவு சாய்த்தால் சந்தில் திரும்பும் என்பது கைக்கே தெரியும். இதை அறிவென்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

வண்டி ஊர்த்தெரு முனை வரைதான் போகும். "அங்க போவாதடா!" அம்மா குரல் கேட்டதும் திருப்பிவிடுவேன். தூரம், திசை, எல்லை எல்லாம் எனக்குள் அப்படித்தான் பதிந்தது.

மாலை வகுப்பு நடத்தும் தோழர்களே, அண்ணன் அக்காவோடு ஒட்டிக்கொண்டு வரும் சின்னதுகளைக் கவனியுங்கள். தச்சுப் பட்டறையில் கழித்துப்போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கி, சிலாம்பு போகத் தேய்த்துக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து "மேல வை, குறுக்க வை, திருப்பிப் பாரு" என்று பேசுங்கள்; பேச்சில்லாமல் வெறும் கட்டை போதாது. பொம்பளப் பிள்ளை இடுப்பில் தம்பியை ஏற்றிவிட்டுப் பையன்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.