தேனும் வெல்லமும் இருக்கச் சருக்கரை எதற்கு?

பெயரைக் காட்டிப் பொருளையே கவர்ந்துகொள்வது பழைய சூழ்ச்சி. தமிழன் அறிந்த இனிப்புத் தேன் ஒன்றே என்றும், கரும்பின் கட்டியை அடிசிலிற் சேர்க்கக் கற்பித்தவர் வடவரே என்றும், 'சருக்கரை' என்னும் சொல்லே அதற்குச் சான்று என்றும் கூறுவார் உளர். இக் கூற்றுக்கு வேர் உண்டா?

தேன் குறிஞ்சி நிலத்தின் இனிப்பு. மலைவாழ்நர் அதனைத் தினைமாவோடும் ஊனோடும் கலந்துண்டனர். 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய கண்ணப்பர், வாட்டிய ஊனில் தேனைக் கலந்தன்றோ இறைவனுக்குப் படைத்தார்!

மருத நிலத்தின் இனிப்போ கரும்பு. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்ததை ஒளவையார் புறநானூற்றில் ஒளிக்காமற் பாடினார். வந்த பயிரைத் தமிழுழவன் தனதாக்கினான். பெரும்பாணாற்றுப்படை காட்டும் தொண்டை நாட்டில், கரும்பாட்டும் பொறியின் ஒலி ஓயவில்லை. பாகு காய்ச்சும் புகை ஆலைதோறும் சூழ்ந்தது. சோழப் பேரரசு எழுவதற்குப் பன்னூறு ஆண்டு முன்னைய நிலை இது! அடக் கற்பித்தவர் எவர்? கற்றவர் எவர்?

பின்னர் நேர்ந்தது என்ன? ஆண்டாள் திருமாலிருஞ்சோலை இறைவனுக்கு நூறு தடா அக்காரவடிசில் நேர்ந்தாள். அடிசில் தமிழ், அக்காரமோ சருக்கரைச் சொல்லின் திரிபு என்பர். இராசராசன் (985–1014) எழுப்பிய தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகள், மிளகு, சீரகம், நெய், தயிர் ஆகிய படையற் பொருள்களோடு சருக்கரையையும் குறிக்கின்றன. விளைந்தது தமிழ் வயலில். காய்ந்தது தமிழ் ஆலையில். பெயர் மட்டும் அயன்மொழியில்! கோயில் மடைப்பள்ளியிற் புகுந்த அச்சொல் இல்லத்து அடுக்களையிலும் அமர்ந்துவிட்டது.

இன்றும் பொங்கற் பானையில் இடுவது வெல்லம். அழைப்பதோ 'சருக்கரைப் பொங்கல்'! பானையில் உள்ளதை உள்ளவாறு சொல்லவும் நாக் கூசுகின்றதா? ஆங்கிலேயன் வழங்கும் 'கேண்டி' என்னும் சொல்லின் மூலம் தமிழ்க் 'கண்டு' முதலிய திராவிடச் சொல்லாகலாம் என்று மேலைச் சொல்லாய்வாளரே கருதுகின்றனர். அயலான் வேர் தேடி நம் வாயிலுக்கு வருகின்றான். நாமோ கையிலுள்ளதற்கு இரவற் பெயர் சூட்டி மகிழ்கின்றோம்.

தேன், பாகு, கட்டி, வெல்லம், கன்னல், கற்கண்டு, கருப்பட்டி. மலைக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று, பனங்காட்டுக்கு ஒன்று என நிலந்தோறும் இனிப்பும் பெயரும் கண்டவன் தமிழன். சொல்லை இழந்தவன் நாளை பொருளையும் தனதன்று என்று கேட்பான். கேட்டு நம்பவும் செய்வான்.

வரும் தைத்திங்களில், வெல்லப் பொங்கல் என்றே தமிழர் வீடுகள் சொல்லட்டும். சொல்லும் வாயும் இனிக்கும். சொல்லப்படும் மொழியும் நிலைக்கும்!